தராசை ஐயுறும் வாக்காளர்: ஐரோப்பிய ஒன்றிய விலகல் பற்றிய ஆங்கிலப் படைப்புகளில் கூற்றும் எச்சமும்

முன்னுரை

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐக்கிய இராச்சியம் நீடிப்பதா, விலகுவதா என்பதை முடிவு செய்யும் பொதுவாக்கெடுப்பு 2016ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் நடைபெற்றது. வாக்களித்தோரில் 51.9 விழுக்காட்டினர் விலகலையும் 48.1 விழுக்காட்டினர் நீடிப்பையும் தேர்ந்தனர். அம்முடிவின்படி 2020 சனவரி 31 அன்று அந்நாடு ஒன்றியத்தினின்று வெளியேறியது. இந்நிகழ்வைப் பொருளாகக் கொண்டு நாவல்களும் நாடகங்களும் ஆங்கிலத்தில் அடுத்தடுத்து வெளிவந்தன. அவற்றுள் பலவற்றின் மையத்தில் ஒரே வகை மாந்தர் நிற்கக் காணலாம். அவர் எந்தக் கட்சியையும் நம்பாதவர். மேலிருந்து சொல்லப்படும் எந்தக் கணக்கையும் ஏற்காதவர். எனினும் அன்று வாக்குச்சாவடிக்குச் சென்றவர்.

நம்பிக்கை தளர்ந்த இவ்வாக்காளரைப் படைப்பாளர்கள் எவ்வாறு செவிமடுத்தனர் என்பதே இக்கட்டுரையின் வினாவாகும். கரோல் ஆன் டஃபியும் ரூஃபஸ் நாரிஸும் உருவாக்கிய 'மை கன்ட்ரி' நாடகம் (2017), ஆன்டனி கார்ட்ரைட்டின் 'தி கட்' (2017), ஜோனதன் கோவின் 'மிடில் இங்கிலாந்து' (2018) ஆகிய மூன்றும் முதன்மையாக ஆராயப்படுகின்றன. அலி ஸ்மித்தின் 'இலையுதிர்காலம்' (2016) ஒப்புநோக்கிற்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முன்னமும் எச்சமும்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றோடு முன்னம், எச்சம் என்பனவும் அவற்றுள் அடங்கும். இன்ன இடத்தில் இன்ன சொல்லை இன்னார் இன்னார்க்குச் சொல்லுதல் பொருந்தும் என உய்த்துணரச் செய்வது முன்னம். சொல்லாலோ குறிப்பாலோ கேட்போர் பின்னர் நிரப்பிக்கொள்ளுமாறு ஒரு கூற்று விட்டுவைப்பது எச்சம்.

ஓர் அயல்நாட்டு அரசியல் நிகழ்வைப் பற்றிய படைப்புகளுக்கு இக்கருத்தாக்கங்களைப் பொருத்துவதற்குக் காரணம் உண்டு. வாக்குச்சீட்டில் இடப்படும் குறியும் ஒரு கூற்றே. ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறாமை அகப்பாடலுக்கு விதி. மறைவாக்கெடுப்புக்கும் அதுவே விதி. அகப்பாடலில் சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதைக் கொளுவும் உரையும் காட்டித் தருகின்றன. வாக்குச்சீட்டுக்கோ கொளு இல்லை. வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் காலையிலிருந்து அரசியலாரும் ஆய்வாளரும் எழுத்தாளரும் அதற்குக் கொளு எழுதத் தொடங்கினர். அக்கொளுக்களுள் எவை கூற்றுக்கு உண்மையாக இருக்கின்றன என்று ஆராய்வது திறனாய்வின் கடமையாகிறது.

ஒரு குறி, பல விடை

முதலில் முன்மொழியப்பட்ட வினா, ஒன்றியத்தில் உறுப்பு நாடாக நீடிக்க வேண்டுமா என்பதாக, ஆம் அல்லது இல்லை என்னும் விடையை வேண்டி நின்றது. அவ்வமைப்பு நீடிப்பின் பக்கம் சாய்ந்திருப்பதாகக் கருதப்படலாம் என்பதால் தேர்தல் ஆணையம் 2015இல் மாற்றத்தைப் பரிந்துரைத்தது. அதன்படி நீடித்தல், விலகுதல் என்னும் இரண்டும் வினாவிலேயே இடம்பெற்றன. வினாவின் சொல்லமைப்பில் நடுநிலை பேணப்பட்டது. ஆயினும் வாக்காளர் பலர் விடையளித்தது அவ்வினாவுக்குத்தானா என்னும் ஐயம் இன்றளவும் நீங்கவில்லை.

இதற்கான காரணம் அந்நாட்டின் தேர்தல் முறையிலேயே உள்ளது. ஒரு தொகுதியில் மிகுந்த வாக்குப் பெற்றவரே வெல்லும் முறையில், ஒரே கட்சி தலைமுறைகளாக வெல்லும் தொகுதிகளில் மாற்றுக் கருத்தினரின் வாக்குக்கு விளைவு இல்லை. 2015 பொதுத்தேர்தலில் ஒன்றிய விலகலை வலியுறுத்திய ஐக்கிய இராச்சிய விடுதலைக் கட்சி 38 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் ஒரே ஓர் இடத்தையே வென்றது. அடுத்த ஆண்டு நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் தொகுதி எல்லை கிடையாது. ஒவ்வொரு குறியும் ஒரே எடை உடையது. பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 66 விழுக்காடாக இருந்த வாக்குப்பதிவு, பொதுவாக்கெடுப்பில் 72.2 விழுக்காடாக உயர்ந்தது. நெடுங்காலம் எண்ணப்படாதிருந்த குரல் எண்ணப்படும் நாள் வந்தபோது, கேட்கப்பட்ட வினாவுக்கு மட்டுமே விடை கூற வேண்டும் என எதிர்பார்ப்பது வாக்காளரை அறியாமையாகும்.

இந்தியத் தேர்தல்களில் 2013 முதல் 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் தெரிவு உண்டு. நம்பிக்கை தளர்ந்தவர் தம் தளர்ச்சியையே ஒரு கூற்றாகப் பதிவு செய்ய அது இடம் தருகிறது. பிரித்தானியப் பொதுவாக்கெடுப்பில் அத்தகைய இடம் இல்லை. 1,74,10,742 பேர் விலகலுக்கும் 1,61,41,241 பேர் நீடிப்புக்கும் குறியிட்டனர். செல்லாதவை 25,359 மட்டுமே. இரு தரப்பையும் நம்பாதவரும் இரண்டில் ஒன்றன் கீழேயே எண்ணப்பட்டனர்.

தராசும் எடைக்கல்லும்

அரசு நிதித்துறை 2016 ஏப்பிரலில் வெளியிட்ட அறிக்கை, விலகினால் 2030 அளவில் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 4,300 பவுண்டு இழக்கும் நிலை வரும் என்றது. விலகலை ஆதரித்த இயக்கமோ, வாரந்தோறும் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குச் செல்வதாகவும் அதனை மருத்துவச் சேவைக்குச் செலவிடலாம் என்றும் ஒரு சிவப்புப் பேருந்தின் மேல் எழுதி நாடெங்கும் ஓட்டியது. அத்தொகை தவறான எண்ணத்தைத் தருவது எனப் புள்ளிவிவர ஆணையம் கண்டித்த பின்னரும் பேருந்து ஓடியது.

நம்பிக்கை உடைய வாக்காளர் இவ்விரு கணக்கையும் இரு தட்டில் இட்டுப் பார்ப்பார். நம்பிக்கை தளர்ந்தவர் செய்வது வேறு. எடைக்கல்லைப் பார்க்கும் முன் அவர் தராசைப் பார்க்கிறார்; அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று பார்க்கிறார். இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஆனந்த் மேனன் நியூகாசிலில் நடந்த கூட்டம் ஒன்றைப் பற்றிக் கூறியது பரவலாக அறியப்பட்டது. விலகினால் நாட்டின் உள்நாட்டு உற்பத்தி குறையும் என்று மேடையில் விளக்கப்பட்டபோது, குறையப்போவது உங்கள் உற்பத்தியே, எங்களுடையது அன்று என்னும் பொருள்பட ஒரு பெண் கூவினார். இதனைப் பொருளியல் அறியாமை என ஒதுக்குவது எளிது. முன்னத்தின்படி நோக்கினால் இது கூரிய விடை. இன்ன சொல்லை இன்னார் இன்னார்க்குச் சொல்லுதல் பொருந்தாது என்கிறது அக்குரல். வளர்ச்சியின் பங்கு தம் ஊரை எட்டாதபோது அதன் வீழ்ச்சியைக் காட்டி அச்சுறுத்துவது பொருளற்றது என்பது அதன் எச்சம்.

தெற்கு வேல்சின் எப்வ் வேல் நகரம் இதற்கு மற்றொரு சான்று. அங்கிருந்த எஃகு ஆலை 2002இல் மூடப்பட்டது. சாலை, கல்வி நிலையம் முதலியவற்றுக்கு ஒன்றிய நிதி பெருமளவில் அப்பகுதிக்கு வந்தது. எனினும் அந்நகரை உள்ளடக்கிய பிளைனாய் குவென்ட் பகுதியில் 62 விழுக்காட்டினர் விலகலுக்கே வாக்களித்தனர். உதவியைப் பெற்றுக்கொண்டு உதவியவரையே எதிர்த்தனர் என்னும் ஏளனம் அன்று எழுந்தது. ஆலை தந்த வேலையையும் நிதி தந்த கட்டடத்தையும் ஒரே எடையாகக் கொள்வோர்க்கே அவ்வேளனம் பொருந்தும்.

மேடையேறிய குரல்கள்

'மை கன்ட்ரி' இலண்டன் தேசிய நாடக அரங்கின் படைப்பு. வாக்கெடுப்புக்குப் பின் பல பகுதி மக்களிடம் எடுக்கப்பட்ட நேர்காணல்களின் சொற்கள் அப்படியே நாடகத்தில் பயன்படுத்தப்பட்டன. நாட்டின் உருவகமான பிரிட்டானியா ஓர் அவையைக் கூட்டுகிறாள். ஸ்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து, வடகிழக்கு, கிழக்கு மிட்லாந்து, தென்மேற்கு ஆகிய பகுதிகள் மாந்தராகி வந்து தத்தம் மக்களின் சொற்களைப் பேசுகின்றன. அரசியல் தலைவர்களின் சொற்களோ பிரிட்டானியாவின் வாயிலேயே வருகின்றன.

கூற்றைத் திருத்தாமல் தருவது இந்நாடகத்தின் நேர்மை. மக்களின் எச்சத்தை ஆசிரியர் தம் சொல்லால் நிரப்பவில்லை. ஆனால் இந்நேர்மைக்கு ஒரு விலை உண்டு. பலருடைய சொற்கள் ஒரு பகுதியின் வாயில் வரும்போது தனி ஒருவரின் தயக்கம் கரைந்துவிடுகிறது. வடகிழக்கு பேசுகிறது, நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் எண்ணி உறக்கம் இழந்த ஒரு மனிதர் பேசவில்லை. முடிவு வெளிவந்த பின் கேட்கப்பட்ட விடைகள் ஆதலின், அவை எண்ணி முடித்தவரின் நினைவாகவே அமைகின்றன. சீர்தூக்கும் வேளை மேடைக்கு வரவில்லை.

காரணமும் நியாயமும்

'மிடில் இங்கிலாந்து' பரந்த களத்தையுடைய நாவல். 2010 முதல் பொதுவாக்கெடுப்புக்குப் பிந்தைய ஆண்டுகள் வரை, பெர்மிங்காம் பகுதியில் வேர்கொண்ட ஒரு குடும்பத்தையும் அதன் நண்பர்களையும் இந்நாவல் தொடர்கிறது. முதியவரான காலின் டிராட்டர் தாம் உழைத்த லாங்பிரிட்ஜ் மகிழுந்து ஆலையைக் காண விரும்பிச் செல்கிறார். 2005இல் எம்.ஜி. ரோவர் நிறுவனம் வீழ்ந்தபின் அவ்விடம் உருமாறிவிட்டது. பொருள் செய்த இடத்தில் பொருள் விற்கும் கடை நிற்கிறது. ஒன்றும் செய்யாமல் ஒரு நாடு எவ்வாறு வாழும் என்று அவர் கலங்குகிறார். நாவலின் வலிமையான பகுதிகளுள் இது ஒன்று. காலின் இங்கே எதையும் வெறுக்கவில்லை; தமக்குப் புரியாத ஒரு கணக்கைக் கேட்கிறார். அக்கணக்கை அவருக்கு எடுத்துரைப்பார் எவருமில்லை.

இயன் என்னும் இளைஞரின் படைப்பு இவ்வளவு நுட்பமானதன்று. பதவி உயர்வு தமக்குக் கிடைக்காமல் ஆசிய வழிவந்த உடன்பணியாளரான நஹீதுக்குக் கிடைத்தது அவர் மனத்தில் காழ்ப்பாகிறது. அவர் விலகலின் பக்கம் நிற்கிறார். கலை வரலாற்று ஆசிரியரான மனைவி சோஃபி நீடிப்பின் பக்கம் நிற்கிறார், மணவாழ்வு பிளவுபடுகிறது. ஒருவரது செயலுக்குக் காரணம் காட்டுவதும் அவர் தரும் நியாயத்தைக் கேட்பதும் வேறு வேறு. நோய்க்குக் காரணம் உண்டு, நியாயம் இல்லை. இயனின் வாக்குக்குக் கோ காரணம் தருகிறார். நியாயம் தர மறந்துவிடுகிறார். இதனால் இயன் வாக்காளர் என்னும் நிலையிலிருந்து நோயாளர் என்னும் நிலைக்கு இறங்குகிறார்.

எனினும் இக்குறையை நாவலே ஓரிடத்தில் உணர்ந்து நிற்பது பாராட்டத்தக்கது. இணையருக்கான உளவள ஆலோசனையில் இருவரும் தம் மணமுறிவுக்கான குறைகளைக் கூறுகின்றனர். ஒருவரின் மனம் குறுகியது என்கிறது ஒரு கூற்று. மற்றவர் தமக்கென ஒரு கூட்டுக்குள் வாழ்கிறார் என்கிறது மற்றொன்று. இருவருமே ஐரோப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லையே என ஆலோசகர் வியக்கிறார். வாக்குச்சீட்டின் எச்சம் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் வெளிப்படவில்லை எனலாம். பிரதமர் அலுவலகச் செய்தித் தொடர்பாளரான நைஜலைப் பத்திரிகையாளர் டக் சந்திக்கும் காட்சிகளும் இவ்வகையில் பொருள் உடையன. ஆள்வோர் வினாவைத் தொடுத்தனர். விடை என்னவாகும் என்று எண்ணவே இல்லை என்பதை அவற்றின் அங்கதம் புலப்படுத்துகிறது.

பாலமும் வெட்டும்

'தி கட்' பிறந்த கதையே கருதத்தக்கது. பொதுவாக்கெடுப்பு முடிவு வெளிவந்தபின், பிளவுபட்ட இரு பிரித்தானியாவுக்கும் இடையே புனைவால் பாலம் அமைக்க விரும்பிப் பெய்ரீன் பதிப்பகத்தின் மெய்க்கே சீர்வோகல் இதனை எழுதித் தருமாறு வேண்டினார். கார்ட்ரைட் டட்லியில் பிறந்தவர். அங்கு 67.6 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தனர். முன்னாள் குத்துச்சண்டை வீரரான கெய்ரோ ஜூக்ஸ், பழைய ஆலைகள் இருந்த நிலத்தைத் துப்புரவாக்கும் நிலையற்ற கூலிவேலையில் இருக்கிறார். இலண்டனிலிருந்து ஆவணப்படம் எடுக்க வரும் கிரேஸ் அவரைச் சந்திக்கிறார். வாக்கெடுப்புக்கு முன், பின் என மாறி மாறி நாவல் நகர்கிறது.

தலைப்பே பல பொருள் தருவது. அவ்வட்டார வழக்கில் அச்சொல் வெட்டு வாய்க்காலைக் குறிக்கும். காயத்தையும் அரசின் செலவுக் குறைப்பையும் படத்தொகுப்பில் நிகழும் வெட்டையும் ஒருங்கே குறிக்கும். வட்டாரப் பேச்சைக் கார்ட்ரைட் ஒலிக்கும்படியே எழுதுகிறார். பொது ஆங்கிலம் பழகிய வாசகர் கெய்ரோவின் சொல்லை விரைந்து கடக்க இயலாது. நின்று கேட்க வேண்டும். வட்டார வழக்கு நாவலுக்குப் பழகிய தமிழ் வாசகர் இவ்வுத்தியின் அரசியலை எளிதில் உணர்வர்.

இந்நாவலின் சிறப்பு, கேட்போரையும் கதைக்குள் நிறுத்தி ஆராய்வதில் உள்ளது. கிரேஸ் நல்லெண்ணம் உடையவர்; கேட்பதற்கென்றே வந்தவர். ஆனால் அவர் கையில் கருவி இருக்கிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்னும் உரிமை அவருடையது. பிறர் தம்மை இன்னார் என்று வரையறுப்பதே கெய்ரோவுக்குச் சலிப்பாக இருக்கும்போது, அவரைப் புரிந்துகொள்ள முயலும் முயற்சியும் இன்னொரு வரையறையாகிவிடுகிறது. இருவரிடையே தோன்றும் நெருக்கம் பாலமாக நிலைப்பதில்லை. பாலம் கட்டுமாறு வேண்டப்பட்ட நாவல், பாலம் கட்டுவோரின் கையிலும் தராசு இருப்பதைக் காட்டிவிட்டது. மூன்று படைப்புகளுள் நம்பிக்கை தளர்ந்தவரின் நியாயத்துக்கு மிக அணுக்கமாகச் செல்வது இதுவே.

எண்ணப்பட்டும் கேட்கப்படாதோர்

இப்படைப்புகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறையையும் சுட்ட வேண்டியுள்ளது. நம்பிக்கை தளர்ந்தவர் என்றாலே விலகலுக்கு வாக்களித்தவர் என்னும் எண்ணம் இவற்றில் படிந்துள்ளது. நீடிப்புக்கு வாக்களித்தோர் அனைவரும் ஒன்றியத்தின் மேல் அன்பு கொண்டோர் அல்லர். தராசும் எடைக்கல்லும் ஐயத்துக்குரியனவே என்றறிந்தும், தராசை உடைத்தால் அடுத்து எதைக் கொண்டு நிறுப்பது என்று எண்ணித் தயங்கி நீடிப்புக்கு வாக்களிப்பதும் நம்பிக்கை தளர்ந்தவரின் நியாயமே. நீடிப்புக்கு 55.8 விழுக்காடு வாக்களித்த வட அயர்லாந்தில், எல்லைக்கோடு மீண்டும் உயிர்பெறுமோ என்பது கணக்குக்கு அப்பாற்பட்ட கவலை. 2014இல் பிரித்தானியாவுடன் இருந்தாலே ஐரோப்பாவில் இருக்கலாம் என்று கூறக் கேட்ட ஸ்காட்லாந்து வாக்காளர், ஈராண்டில் 62 விழுக்காடு நீடிப்புக்கு வாக்களித்தும் வெளியேற நேர்ந்தது. இத்தளர்ச்சியைத் தனி ஒரு மாந்தரின் உள்ளத்தில் வைத்துப் பார்க்கும் படைப்பு இவற்றுள் இல்லை.

அலி ஸ்மித்தின் 'இலையுதிர்காலம்' இவ்வகையில் சற்று விலகி நிற்கிறது. எலிசபெத்தின் தாய், செய்திகளாலும் சினத்தாலும் பொய்யாலும் தமக்கு நேர்ந்த சலிப்பை அடுக்கிக் கூறும் பகுதியில் அச்சலிப்புக்குத் தரப்பு இல்லை. நாடு முழுவதும் ஒரே நாளில் மக்கள் நேரெதிரான இரண்டை உணர்ந்ததாக ஸ்மித் அடுக்கிச் செல்லும் பகுதியும் அத்தகையதே. தளர்ச்சி இரு தட்டிலும் இருந்தது என்பதை இந்நாவல் உணர்த்துகிறது.

வாக்கே இல்லாதோரும் உளர். ஐக்கிய இராச்சியத்தில் வாழ்ந்த ஒன்றிய நாட்டினருள் அயர்லாந்து, மால்டா, சைப்ரசு குடிமக்கள் நீங்கலாகப் பிறர் வாக்களிக்க இயலவில்லை. பொதுநலவாய நாட்டினர் என்னும் முறையில் அங்கு வாழ்ந்த இந்தியக் குடிமக்களுக்கோ அவ்வுரிமை இருந்தது. 'மிடில் இங்கிலாந்து' நாவலில் இயனின் தாய் ஹெலினாவிடம் வேலை செய்யும் லித்துவேனியப் பெண்ணின் வாழ்வைப் பிறர் வாக்கே தீர்மானிக்கிறது. நம்பிக்கை தளர்ந்தவரின் நியாயத்தைக் கேட்க வேண்டும் என்பது, அதன் விளைவைச் சுமப்போரை மறக்கலாம் என்பதாகாது.

முடிவுரை

ஐக்கிய இராச்சியம் 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1975 பொதுவாக்கெடுப்பில் 67.2 விழுக்காட்டினர் அதில் நீடிக்க இசைந்தனர். ஒரு தலைமுறை சொன்னதை அடுத்த தலைமுறை மாற்றிச் சொன்னது. 2020க்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் பலவற்றில் விலகியது தவறு என்போரே மிகுந்துள்ளனர். இப்பின்னறிவைக் கொண்டு 2016இன் வாக்காளரை மதிப்பிடுவது எளிது. விளைவு பிழைபட்டது என்பதால் வினவிய ஐயமும் பிழை என்றாகாது.

வாக்குச்சீட்டின் எச்சத்தை நிரப்ப முனைந்த படைப்புகளுள், ஏக்கம், காழ்ப்பு, அறியாமை என முன்னரே வகுத்த சொற்களால் நிரப்பியவை கூற்றைச் சிதைத்தன. கேட்போரின் செவியையும் ஆராய்ந்த இடங்களே நிலைத்து நிற்கின்றன: ஆலோசகரின் வியப்பு, ஆலை இருந்த இடத்தில் காலினின் கலக்கம், கிரேசின் கருவிமுன் கெய்ரோவின் சலிப்பு. இவற்றில் நம்பிக்கை தளர்ந்தவர் நோயாளராக அல்லாமல் வினவுவோராக நிற்கிறார். சாவடியின் மறைப்புக்குள் எழுதுகோலைக் கையில் எடுத்து இரண்டு கட்டங்களுக்கு முன் தயங்கி நின்ற அச்சில நொடிகளை மட்டும் இப்படைப்புகளுள் எதுவும் முழுமையாக எழுதவில்லை. அதனை எழுதப் புகும் படைப்பாளர், அவர் எந்தக் கட்டத்தில் குறியிட்டார் என்பதை அறியாதவராகவே எழுதத் தொடங்க வேண்டும்.